நெற்றியில் பதினைந்து

எங்கள் கட்டடத்தின் நெற்றியில் 'பதினைந்து' என்று இருக்கிறது. முகப்பின் உச்சியில் சிமெண்டுப் பூக்களுக்கும் இரண்டு தடித்த மீன்களுக்கும் நடுவே 'சியூ' என்று எங்கள் குடும்பப் பெயர். அதற்குக் கீழே ஐந்து சீன எழுத்துக்கான இடம். முதல் இரண்டு எழுத்துகளை யாரோ உளியால் கொத்தி எடுத்துவிட்டார்கள். அடுத்த இரண்டும் சேர்ந்தால் பதினைந்து. கடைசி எழுத்தில் மேல்பாதி போய்விட்டது, கீழ்ப்பாதியில் பாசி.

பதினைந்து என்ன என்று யாரும் கேட்டதில்லை. தைவானில் நான்பு மாதிரிச் சின்ன ஊரின் கடைத்தெருவில் நிமிர்ந்து பார்க்கிறவர்கள் மழை வருமா என்று பார்ப்பவர்கள்தான். இந்த வருஷம் ஊராட்சி அலுவலகம் 'நூறாண்டுக் கடைகள்' என்று ஒரு திட்டம் போட்டது. நூறு வயதான கட்டடத்துக்கு வெண்கலத் தகடு மாட்டுவார்கள், முகப்பைப் புதுப்பிப்பார்கள், கீழ்த்தளத்தில் வெளியூர்க்காரர்கள் வந்து பார்க்க நினைவுக்கூடம் வைப்பார்கள். அன்றைக்குத்தான் எங்கள் தியென்சு பெரியப்பா நிமிர்ந்து பார்த்தார்.

தியென்சு பெரியப்பாவுக்கு எண்பத்தொரு வயது. நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்று இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஊர் இன்னும் அவரை ஹெட்மாஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறது. அவரும் ஊரை இன்னும் ஆறாம் வகுப்பு என்றுதான் நினைக்கிறார். எங்கள் குடும்பச் சங்கத்துக்குத் தலைவர், செயலாளர், பேச்சாளர் எல்லாம் அவரே. நான் அவருடைய கடைசித் தம்பியின் மகன். ஊர் டிரைவிங் பள்ளியில் கார் ஓட்டச் சொல்லித்தருகிறேன், கட்டடத்தின் மாடியில் குடியிருக்கிறேன். கார் இருப்பதால் குடும்பக் கூட்டம் எல்லாவற்றுக்கும் நான் அவசியம்.

அன்றைய கூட்டத்தில் நிலக்கடலையும் தேநீரும் வைத்துவிட்டுப் பெரியப்பா எழுந்து நின்றார். அவருக்குப் பின்னால் சுவரில் அவருடைய தாத்தா படம், தங்க நிறச் சட்டத்தில்.

"கற்பூர வியாபாரி. கவிஞர். தேசபக்தர்," என்றார் படத்தைக் காட்டி. "ஜப்பான்காரன் ஆண்ட காலம். எதிர்ல போலீஸ் ஸ்டேஷன். அவன் கண்ணு முன்னாடியே எங்க தாத்தா தன் வீட்டு நெத்தியில என்ன பொறிச்சார் தெரியுமா? சீனக் குடியரசு பதினைந்தாம் ஆண்டு! போலீஸ் வந்து 'குடியரசு'ங்கிற ரெண்டு எழுத்தையும் கொத்தி எடுத்துட்டான்."

"பதினைஞ்ச ஏன் பெரியப்பா விட்டுட்டுப் போனான்?" என்றேன்.

"எண்ணு மேல அவனுக்கு என்னடா கோபம்? உக்காரு."

நான் உட்கார்ந்துதான் இருந்தேன்.

எங்கள் ஊரில் வருஷத்தை எண்ண மூன்று கணக்கு. ஜப்பான் மன்னர் தைஷோவின் கணக்கு ஒன்று, அவருடைய மகன் ஷோவாவின் கணக்கு இன்னொன்று, சீனக் குடியரசின் கணக்கு மூன்றாவது. தைஷோவும் குடியரசும் ஒரே வருஷத்தில் பிறந்தவை. ஆகவே தைஷோ பதினைந்து என்றாலும் குடியரசு பதினைந்து என்றாலும் இன்றைக்குச் சரியாக நூறு வருஷத்துக்கு முன்னால். ஷோவா பதினைந்து என்றால் மட்டும் பதினான்கு வருஷம் குறையும், தகடும் கிடையாது. ஜப்பான்காரர்கள் போன மறு வருஷம் தெரு முழுக்கத் தங்கள் வீட்டு நெற்றியிலிருந்த ஜப்பான் வருஷத்தைத் தாங்களே கொத்தி எடுத்தார்கள் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். எங்கள் வீட்டில் மட்டும் போலீஸ்காரன் வந்து கொத்தினான் என்பது அன்றைக்கு நான்கு மணிக்குத்தான் தெரியவந்தது.

கைதட்டல் அடங்கியதும் பெரியப்பா மேசையின் கடைசியில் உட்கார்ந்திருந்த யின்ஹ்வா அக்காவின் பக்கம் திரும்பினார்.

யின்ஹ்வா அவருடைய இன்னொரு தம்பியின் மகள், எனக்குப் பத்து வயது மூத்தவள். கல்யாணமாகி மூன்றே வருஷத்தில் கணவனை விட்டுத் திரும்பி வந்தவளுக்கு அவளுடைய அப்பா கீழ்த்தளத்தைக் கொடுத்தார். வாயால் கொடுத்ததுதான், காகிதத்தில் எதுவும் இல்லை. முப்பத்தொரு வருஷமாக அங்கே பள்ளிச் சீருடை விற்கிறாள், சட்டைப் பையின் மேல் மாணவன் பெயரும் எண்ணும் வகுப்பும் தையல் இயந்திரத்தில் பொறித்துத் தருகிறாள். அப்பா இறந்தபோது, எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லோரும் போடும் கையெழுத்தை அவளும் போட்டாள்: எனக்குப் பங்கு வேண்டாம்.

"யின்ஹ்வா, நினைவுக்கூடம் கீழ்த்தளத்துலதான் வருது. நம்ம பஞ்சாங்கத்து ஆறாம் மாசம் முடியறதுக்குள்ள காலி பண்ணிடும்மா. ஏழாம் மாசம் பேய் மாசம், சாமான் நகர்த்தக் கூடாது."

"அதுக்கப்புறம் மூணே வாரத்துல பள்ளிக்கூடம் திறக்குது பெரியப்பா. வருஷம் முழுக்க நான் சாப்பிடறது அந்த மூணு வாரத்து வேலையில."

"குடும்ப கௌரவம்னு ஒண்ணு இருக்குல்ல?"

"எனக்கு அது எந்த சைஸ் பெரியப்பா?"

யாரோ கடலையை விழுங்கிவிட்டு இருமினார்கள்.

"வேற வீட்டுக்குக் கட்டிக் கொடுத்த பொண்ணு. இவ்வளவு நாள் விட்டதே பெரிசு. இந்தக் கட்டடம் ஆம்பளைங்க வழியா வந்தது, ஆம்பளைங்க வழியாப் போகணும்."

யின்ஹ்வா முன்னாலிருந்த கடலைத் தோலைக் கூட்டி எடுத்தாள். அவள் போய் எங்கே கடை வைப்பாள் என்று அந்த மேசையில் இருந்த பதினொரு ஆண்களில் ஒருவருக்கும் தெரியாது. நானும் அந்தப் பதினொருவரில் ஒருவன்.

மறு வாரம் ஊராட்சியிலிருந்து பெங் என்ற பெண் வந்தாள். இருபத்தாறு வயது இருக்கும், கையில் ஒரு படிவம். அதில் 'கட்டப்பட்ட ஆண்டு' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் 'ஆதாரம்' என்று இன்னொரு கட்டம். பெரியப்பா தேசபக்தியை ஆதாரமாகச் சொன்னார். அது கட்டத்துக்குள் அடங்கவில்லை.

"வேற ஏதாவது இருக்கா ஹெட்மாஸ்டர்? பத்திரம், ரசீது, கூரை உத்தரத்துல கட்டின வருஷம் எழுதியிருக்கா?"

உத்தரம்! பெரியப்பா எண்பத்தொரு வயதில் பரணுக்கு ஏணி ஏறினார். நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு என் பாவங்களை யோசித்தேன். மேலிருந்து கூவல் கேட்டது.

"புலி! நெருப்புப் புலி வருஷம்!"

எங்கள் பஞ்சாங்கத்தில் வருஷங்களுக்குப் பெயர் உண்டு, அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் சுற்றி வரும். பெங் கைபேசியில் தட்டினாள். நூறு வருஷத்துக்கு முன்னால் வந்தது நெருப்புப் புலிதான். பெரியப்பா சிலந்தி வலையோடு இறங்கி வந்து சொன்னார், "பதினைஞ்சும் புலியும் ஒரே வருஷத்துலதான் சேரும். முடிஞ்சுது."

முடிந்ததாகத்தான் எனக்கும் பட்டது. கடையில் யின்ஹ்வா அட்டைப்பெட்டிகளைப் பிரித்து டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நான் தூக்கித் தரட்டுமா?"

"எங்க தூக்கித் தருவ? இடத்தச் சொல்லு, அப்புறம் தூக்கு."

ஆதாரத்துக்குச் சாட்சிக் கையெழுத்து வேண்டும் என்பதற்காகப் பெரியப்பா மறுநாள் ஊரின் மூத்த தச்சர் லோவைக் கூட்டி வந்தார். அதுதான் அவர் செய்த தவறு. லோ உத்தரத்தின் படத்தைக் கைபேசியில் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார்.

"இது நான் எழுதினது."

"என்னது?"

"நான்தான் எழுதினேன் ஹெட்மாஸ்டர். பெரிய புயல்ல உங்க கூரை பறந்துபோச்சுல்ல? உங்க தம்பி, இந்த யின்ஹ்வாவோட அப்பா, என்னக் கூப்பிட்டுப் புது உத்தரம் போட்டார். நெருப்புப் புலி வருஷம்தான். என் மூத்தவன் பிறந்த வருஷம். அவனுக்கு இப்ப நாப்பது."

அறுபது வருஷம் சுற்றிவந்து அதே புலி எங்கள் கூரையில் உட்கார்ந்துவிட்டது. பெங் 'ஆதாரம்' கட்டத்தில் எழுதியதை அடித்தாள், அடித்ததை அடித்தாள், கடைசியில் புதுப் படிவம் எடுத்தாள்.

"அப்ப உங்க வீட்டுக்கு வயசு நூறா, நாப்பதா?" என்று என்னைக் கேட்டாள்.

"கூரை நாப்பது. நெத்தி நூறு. நடுவுல நான் குடியிருக்கேன், எனக்கு அம்பத்தெட்டு... இல்ல, நாப்பத்தெட்டு," என்றேன். உண்மையாகவே குழம்பிப் போயிருந்தேன்.

பெரியப்பா குழம்பவில்லை. குழம்புவது மாணவர்கள் வேலை. "உத்தரம் போனா போகட்டும். நெத்தி இருக்கு. கழுவிப் பார்த்தா கொத்தின எழுத்தோட தடம் தெரியும்," என்றார். சாரம் கட்டினார்கள், பாசியைத் தேய்த்தார்கள். பெங் மேலே ஏறிப் படம் எடுத்து வந்தாள். கடையின் துணி வெட்டும் மேசையில் கைபேசியை வைத்துச் சுற்றி நின்றோம். முதல் இரண்டு எழுத்தின் இடத்தில் வெறும் பள்ளம்தான். தைஷோ என்று பார்த்தால் தைஷோ, ஷோவா என்றால் ஷோவா, பெரியப்பா பார்த்தால் குடியரசு.

"கடைசி எழுத்தாவது தெளிவா இருக்கு. 'ஆண்டு'," என்றார் பெரியப்பா.

இயந்திரத்தில் ஊசிக்கு நூல் கோத்துக்கொண்டிருந்த யின்ஹ்வா கண்ணாடிக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"அது 'ஆண்டு' இல்லையே."

"உனக்கென்னம்மா தெரியும்?"

"'மூன்றாம் ஆண்டு, இரண்டாம் பிரிவு'ன்னு ஒரு நாளைக்கு நாப்பது சட்டையில தைக்கிறேன் பெரியப்பா. எனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்? 'ஆண்டு' எழுத்துக்கு நட்டநடுவுல ஒரு கால் கீழ தொங்கும். என் ஊசி தினமும் அந்தக் காலுல இறங்குது. இதுக்குக் கால் இல்ல. இதோ, ரெண்டு பக்கமும் மூலை இருக்கு பாருங்க. இது பெட்டி. 'வயல்'ங்கிற எழுத்து மாதிரி பெட்டி."

எல்லோரும் குனிந்தோம். தலைகள் முட்டிக்கொண்டன. கால் இல்லை, பெட்டிதான்.

"பதினைந்து வயல்னு எந்த முட்டாள் வீட்டு நெத்தியில எழுதுவான்?" என்றார் பெரியப்பா.

பெங் தன் பையிலிருந்து தெருவின் பழைய வரைபடத்தை எடுத்தாள். அதை மேசையில் விரித்துத் தேடினாள். பிறகு விரலை ஒரு கட்டத்தில் வைத்தாள்.

"கீழே வயலோட முடியிற எழுத்து ஒண்ணு இருக்கு ஹெட்மாஸ்டர். 'எண்'ணுக்கு ஜப்பான்காரங்க போடற எழுத்து. அப்ப இந்தத் தெருவோட பேரு ஹோன்மாச்சி. ரெண்டு எழுத்து. ஹோன்மாச்சி பதினைந்தாம் எண்." நிமிர்ந்தாள். "இது வருஷம் இல்ல. உங்க வீட்டுக் கதவு எண்."

ஜப்பான் போலீசை எதிர்த்து நின்ற தேசபக்தர், தபால்காரனுக்கு வழி காட்டியிருக்கிறார்.

இப்போது எங்கள் கதவு எண் நாற்பத்திரண்டு. தெருவுக்கும் வேறு பெயர், தைவானில் எல்லா ஊர்க் கடைத்தெருவுக்கும் இருக்கும் அதே பெயர். எழுபது வருஷமாகத் தபால் சரியாகத்தான் வருகிறது, ஆகவே யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

"அப்ப நூறா இல்லையா?" என்றேன்.

"தெரியலையே," என்றாள் பெங். அவளும் எங்கள் குடும்பத்தில் ஒருத்தி மாதிரி ஆகிக்கொண்டிருந்தாள். "ஆனா எண் தெரிஞ்சதால ஒரு வழி இருக்கு. குடிப்பதிவு அலுவலகத்துல ஜப்பான் காலத்துப் பதிவேடு இருக்கு. பதினைந்தாம் எண்ணுக்கு யார் எப்பக் குடி வந்தாங்கன்னு அதுல இருக்கும். நேர் வாரிசு போனாத்தான் காட்டுவாங்க. நான் வரக்கூடாது. நீங்க வருஷத்த மட்டும் சொல்லுங்க, போதும். வெள்ளிக்கிழமை கடைசி நாள்."

வியாழக்கிழமை காலை நான் காரை எடுத்தேன். பெரியப்பா சூட் போட்டு முன் இருக்கையில் உட்கார்ந்தார். கடையைப் பூட்டிவிட்டு யின்ஹ்வாவும் பின்னால் ஏறினாள்.

"நீ எதுக்கு?"

"நானும் நேர் வாரிசுதானே பெரியப்பா? பங்கு வேண்டாம்னுதான் கையெழுத்துப் போட்டேன். பிறக்கலைன்னு போடலையே."

கவுண்டரில் இருந்த பெண் எங்கள் அடையாள அட்டைகளைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள், ஒரு நகலோடு வந்தாள். தூரிகையால் எழுதிய நெடுக்குக் கட்டங்கள். பெரியப்பா கண்ணாடியை மாற்றிக்கொண்டு, காலை வணக்கக் கூட்டத்தில் வாசிப்பது போல வாசிக்கத் தொடங்கினார்.

"ஹோன்மாச்சி பதினைந்தாம் எண். ஷோவா பன்னிரண்டாம் ஆண்டு, புதிதாகக் கட்டிய வீட்டில் தனிக் குடும்பமாகப் பதிவு. குடும்பத் தலைவர், சியூ..." நிறுத்தினார்.

"சியூ?" என்றேன்.

"சியூ வான்."

"வான் யாரு? உங்க தாத்தா பேரு ஆஷுய் இல்ல?"

பெரியப்பா நகலைத் தாழ்த்தினார். நான் அவர் தோளுக்கு மேலாகப் படித்தேன். பெயருக்கு நடுவில், அந்தக் காலத்தில் பெண்களுக்கு மட்டும் போடும் எழுத்து இருந்தது. குடும்பத் தலைவர் பெண். தொழில்: பன்றி வியாபாரம். அதற்கு அடுத்த கட்டத்தில் கணவர். வென் ஆஷுய். வென்! சியூ இல்லை. தொழில்: தினக்கூலி. அவர் பெயருக்கு மேலே சிறிய எழுத்தில், எங்கள் வட்டாரத்தில் ஆண்கள் வாயைத் திறந்து சொல்லாத அந்த வார்த்தை: வீட்டோடு அழைத்துக்கொண்ட மாப்பிள்ளை. பிள்ளைகள் தாயின் குடும்பப் பெயரை எடுத்துக்கொண்டார்கள்.

கற்பூரத்தைத் தேடினேன். எந்தக் கட்டத்திலும் இல்லை. கவிதையும் இல்லை.

"அப்ப நாம யாரு பெரியப்பா? சியூவா, வென்னா?" கிண்டலுக்காகக் கேட்கவில்லை. எனக்கு உண்மையிலேயே தெரிய வேண்டியிருந்தது. கொள்ளுத்தாத்தா கட்டிய வீடு என்று நாற்பத்தெட்டு வருஷமாக அதில் தூங்கியிருக்கிறேன். அதை ஒரு பெண் பன்றி விற்றுக் கட்டியிருக்கிறாள், கொள்ளுத்தாத்தா அதில் மாப்பிள்ளையாக வந்து சேர்ந்திருக்கிறார்.

"மெதுவாப் பேசுடா," என்றார் பெரியப்பா. கவுண்டர் பெண் வேறு பக்கம் பார்த்தாள். இந்த மாதிரி முகங்கள் அவளுக்குப் பழக்கமாக இருக்கும்.

திரும்பும்போதும் பெரியப்பா முன் இருக்கையில்தான் உட்கார்ந்தார். அவருக்கு முன்பே தெரியுமா, தெரியாதா என்று நான் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே வந்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை. டிரைவிங் பள்ளியில் நான் சொல்லித்தரும் முதல் பாடம் சாலையைப் பார்ப்பது. அன்றைக்கு ஒரு சிவப்பு விளக்கைத் தாண்டிவிட்டேன்.

"இத யாருகிட்டயும் சொல்ல வேண்டாம்," என்றார் பெரியப்பா, கண்ணாடிக்கு வெளியே பார்த்து. "ஷோவா பன்னிரண்டுன்னு மட்டும் அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடலாம்."

"அப்ப எண்பத்தொன்பது வருஷம்தான். தகடு கிடையாது," என்றேன்.

"கிடையாது."

பின்னாலிருந்து யின்ஹ்வா கேட்டாள், "நான் காலி பண்ணணுமா, வேண்டாமா பெரியப்பா?"

"இப்ப வேண்டாம். நூறு ஆகலையே."

"அப்ப இன்னும் பதினோரு வருஷத்துல பண்ணணும்."

"அத அப்பப் பார்க்கலாம்."

"அப்ப எனக்கு அறுபத்தொன்பது வயசு. நீங்க இருக்க மாட்டீங்க. இன்னொரு ஹெட்மாஸ்டர் வந்து இன்னொரு தாத்தாவக் கொண்டுவருவாரு." அவள் குரல் உயரவில்லை. "ஆம்பளைங்க வழியா வந்த கட்டடம்னு சொன்னீங்களே பெரியப்பா, அதுமட்டும் எனக்கு விளங்கல. பதிவேட்டுல முதல் பேரு யாரோடது?"

நாற்பது வருஷம் கேள்வி கேட்டுச் சம்பாதித்தவரிடம் பதில் இல்லாததை நான் அன்றுதான் பார்த்தேன். பார்க்க வேண்டும் என்று பல வருஷமாக ஆசைப்பட்டது. பார்த்தபோது, நினைத்த அளவு சந்தோஷமாக இல்லை. சூட்டுக்குள் கிழவர் சிறுத்துப்போயிருந்தார்.

கடை வாசலில் வண்டியை நிறுத்தினேன். அவர் வீட்டுக்குப் போகாமல் கடைக்குள் வந்து, துணி வெட்டும் மேசை முன்னால் உட்கார்ந்தார்.

"பேப்பர் கொடு."

யின்ஹ்வா ரசீதுப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்துத் திருப்பி வைத்தாள். அவர் எழுதினார். நல்ல கையெழுத்து, அதை மறுக்க முடியாது. கீழ்த்தளக் கடை யின்ஹ்வாவுக்கு, அவள் வேண்டும் மட்டும், அவளுக்குப் பிறகு அவள் சொல்கிறவருக்கு. குடும்பச் சங்கத் தலைவர். தேதியை எழுதும்போது குடியரசு நூற்றுப் பதினைந்து என்று போட்டார். பிறகு பேனாவை நிறுத்தினார்.

"காரணம் எழுதணும். இல்லேன்னா உங்க சித்தப்பனுங்க நாளைக்கே வந்து நிப்பானுங்க. என்னன்னு போட? பதிவேட்டை எழுத முடியாது."

"வேண்டாம். எழுதாதீங்க."

"அப்ப என்ன எழுத?"

யின்ஹ்வா இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து ஒரு சட்டையை ஊசிக்குக் கீழே வைத்தாள். பள்ளி திறக்க நாள் இருந்தது, ஆனால் அறுபது சட்டைகள் காத்திருந்தன.

"'இந்த வீட்டு வழக்கப்படி'ன்னு போடுங்க பெரியப்பா."

அவர் அவளை நீண்ட நேரம் பார்த்தார். பிறகு எழுதினார். பையிலிருந்து குடும்ப முத்திரையை எடுத்து, சிவப்பு மையில் அழுத்தி, தாளில் பதித்தார். முத்திரை நேராகத்தான் விழுந்தது. அவர்தான் அந்தத் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, 'சியூ' என்ற எழுத்தை, யாருடைய பெயரோ என்பதுபோல இரண்டு தடவை படித்தார்.